கையெழுத்துப் போடாதவரின் மகனுக்கு

அன்பு மகன் தங்கராசுக்கு,

பஸ் கிளம்பிவிட்டதால் அன்று உனக்குப் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டது. கீரனூர் கடைத்தெருவில் நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் அதைச் சொன்னாய். "புதுசா ஒரு பிரிவு தொடங்குறாக ஆத்தா. என்னையும் சேரச் சொல்றாக. என்ன வேலைன்னு வெளியில சொல்லக் கூடாது, ஆனா ஒனக்குப் புரியும். நம்ம ஊரு ஒப்பந்தத்துல அப்பா கையெழுத்துப் போடல. இந்த உலக ஒப்பந்தத்துலயும் நாம போடக் கூடாது. நான் அவரு மகன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் திருச்சி ரோட்டில் ஏறிவிட்டது.

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பூ விற்கிற அம்மாள், "பம்பாய்க்குத்தானே போறாக டீச்சர், பத்திரமாப் போய்ச் சேந்துருவாக, அழுவாதீக" என்றாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்திருந்தது. உன்மேல் அல்ல. உன் அப்பாவை உனக்கு இப்படிச் சுருக்கிக் கொடுத்தவர்கள் மேல். உன் சித்தப்பா சொல்லிச் சொல்லி, அவர் உனக்கு ஒரே ஒரு வாக்கியமாகிவிட்டார்: கையெழுத்துப் போடாதவர். அது உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போடாத அந்த நாளுக்குப் பிறகும் அவர் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். நீ அப்போது புதுக்கோட்டையில் உன் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அந்த வருஷத்தில் அவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் நான் ஒருத்திதான். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

முதலில் உன் ஒப்பந்தத்தைப் பற்றி. உன்னைப்போல் நான் அணு விஞ்ஞானம் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகையில் வந்ததைப் படிக்கிறேன், அவ்வளவுதான். படித்த மட்டில் எனக்குப் புரிந்தது இது. போன வருஷம் பிறப்பதற்கு முன்னால் அணுகுண்டு வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகள் அதை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் இனிமேல் செய்யக் கூடாது, வாங்கவும் கூடாது. செய்யவில்லை என்பதைச் சோதித்துப் பார்க்க அவர்கள் வீட்டுக்குள் ஆள் வருவார்கள். ஐந்து பேர் வீட்டுக்குள் அப்படி யாரும் போகக் கட்டாயம் இல்லை. அதற்குப் பதிலாக, அணுவை வைத்து மின்சாரம் எடுக்க உதவி செய்வோம் என்கிறார்கள். தங்கள் குண்டுகளைக் கைவிடுவது பற்றியும் நல்லெண்ணத்தோடு பேசுவோம் என்கிறார்கள். எப்போது முடிப்போம் என்று ஒரு தேதி இல்லை. வைத்திருப்பவன் வைத்திருப்பதற்கு நாள் குறித்திருக்கிறார்கள், விடுவதற்கு நாள் குறிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் காற்றில் வெடிக்க மாட்டோம் என்று ஓர் ஒப்பந்தம் போட்டார்களே, நாமும் அதில் கையெழுத்துப் போட்டோமே, அதற்குப் பிறகு பூமிக்கு அடியில் வெடித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? ஆகவே இது நியாயமில்லை என்று நீ சொன்னால் நான் உன் பக்கம். நம் அரசாங்கம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதைப் படித்தபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

நூலகத்தில் இதைப் பற்றித் தினமும் பேச்சு நடக்கிறது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், "எல்லாரும் போடுறாக, நாமளும் போட்டுட்டா நாலு பேரு நல்ல பேரு சொல்லுவாக" என்பார். அரிசி மில்லுக்காரர், "அட போங்க சார், ஒண்ணைச் செஞ்சு வச்சுட்டா எவன் நம்மகிட்ட வாயைத் தொறப்பான்? சீனாக்காரன் செஞ்சான், மரியாத குடுக்கலயா?" என்பார். ஒருநாள் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். "போடவும் வேணாம், செய்யவும் வேணாம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். "அது எப்படி டீச்சர்? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் மில்லுக்காரர். நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் கேட்பதில்லை. நான் போனால் பேச்சைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இந்தப் பைத்தியக்கார டீச்சரோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி உன் அப்பா. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நம் ஊரில் மேலவீட்டுக்காரர்களிடம் மட்டும்தான் துப்பாக்கி இருந்தது. மகாராஜா காலத்து லைசென்ஸ். மற்றவர்களுக்குக் கடலைக்காடு இருந்தது, காட்டுப்பன்றி இருந்தது, துப்பாக்கி இல்லை. நார்த்தாமலைப் பக்கமிருந்து பன்றிகள் இறங்கினால் ஒரு கொல்லையைக் காலைக்குள் உழுதது மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். அந்த வருஷம் கண்மாய்த் தண்ணீர் திறப்பதில் தகராறு வந்து, மேலவீட்டு ஆள் ஒருவன் சுட்டதில் நம் கீழத்தெருக்காரர் ஒருவருக்குக் காலில் குண்டு பாய்ந்தது. உடனே கீழத்தெருவிலும் ஆளுக்கு ஆள் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். சமாதானம் பேச ஓர் அதிகாரி வந்தார். பிள்ளையார் கோவில் அரசமரத்தடியில் ஊரைக் கூட்டி ஓர் ஒப்பந்தம் எழுதினார்.

அதில் இருந்தது இதுதான். சமஸ்தானம் சேருவதற்கு முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் இனி லைசென்ஸ் கேட்கக் கூடாது, திருட்டுத்தனமாகவும் வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக மேலவீட்டார் எல்லார் கொல்லைக்கும் வந்து பன்றி சுட்டுக் கொடுப்பார்கள். காலக்கிரமத்தில் அவர்களும் தங்கள் துப்பாக்கிகளைச் சர்க்காரில் ஒப்படைத்துவிடுவார்கள். இப்போது உன் உலக ஒப்பந்தத்தைப் பத்திரிகையில் படித்தபோது நான் ஏன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன் என்று உனக்குப் புரிகிறதா? பெரிய பெரிய தேசங்களின் ஆட்கள் கூடி, எத்தனையோ மாதம் பேசி, கடைசியில் எங்கள் அரசமரத்தடிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள், ரேகை வைத்தார்கள். உன் அப்பா முறை வந்தபோது எழுந்து நின்றார். பெண்கள் கூட்டத்தில் நான் இருந்தேன். அவர் மெல்லப் பேசுகிறவர், உனக்கு நினைவிருக்கும். அன்றும் மெல்லத்தான் கேட்டார். "ஐயா, ஒரு சந்தேகம். துப்பாக்கி பொல்லாத சாமானா, நல்ல சாமானா?"

"பொல்லாததுதான்யா. அதுனாலதானே இத்தனை பாடு" என்றார் அதிகாரி.

"பொல்லாததுன்னா அவுக வீட்டுலயும் இருக்கக் கூடாதுங்க. நல்லதுன்னா எங்க வீட்டுலயும் இருக்கலாம். முன்னாடியே வச்சிருந்தவுகளுக்கு மட்டும் எப்படிங்க அது நல்லதாகும்? காலக்கிரமத்துலன்னு போட்டிருக்கீக. எந்தக் காலம்னு சொல்லுங்க, நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

மேலவீட்டுப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. "எங்க கையில இருக்குறதுனால ஊருக்கு என்ன கெடுதல் வந்துச்சு? வெவரம் தெரிஞ்சவுக கையில இருந்தா அது காவலு. கண்டவன் கையில இருந்தாத்தான் ஆபத்து" என்றார். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கீழத்தெருக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ரேகை வைத்துவிட்டுத்தான் போனார். உன் அப்பா வைக்கவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

உன் சித்தப்பாவின் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு இங்கேதான் ஆரம்பித்தது.

கையெழுத்துப் போடாதவர் காட்டுக்குப் பன்றி சுட யாரும் வரவில்லை. போட்டவர்கள் காடுகளுக்கும் அவர்களுக்கு நேரம் கிடைத்தபோதுதான் வந்தார்கள், அது வேறு விஷயம். அந்த மாசியில் நம் கடலை முழுக்கப் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு வந்து அவர் சாப்பிடவில்லை. சில வாரங்கள் கழித்துத் தெற்கே எங்கேயோ போய்விட்டு வந்தார். ஓலைப்பாயில் சுருட்டி ஒரு நாட்டுத் துப்பாக்கி கொண்டுவந்திருந்தார். வெடிமருந்து இடித்து, ஈய ரவை போட்டுச் சுடுகிற சாதி.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"சுடுறதுக்கு இல்ல. இருக்குன்னு அவுகளுக்குத் தெரியணும். அது போதும்" என்றார்.

நான் ஒன்று மறைக்காமல் சொல்கிறேன். முதல் பன்றியை அவர் சுட்டுக்கொண்டு வந்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவே வந்து பார்த்தது. ஒப்பந்தத்தில் ரேகை வைத்தவர்கள்கூட வந்து, அவர் முதுகில் தட்டிக்கொடுத்து, பங்கு கறி வாங்கிக்கொண்டு போனார்கள். "நம்மள்ல ஒருத்தனாச்சும் நிமிந்து நிக்கிறானே" என்றார்கள். நான் மஞ்சள் அரைத்துக்கொண்டே அதைக் கேட்டேன். நீ இன்று உன் பம்பாய் நண்பர்களோடு பேசும்போது உன் நெஞ்சில் என்ன ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அது பொய்யான உணர்ச்சி இல்லை. நானும் அதை ருசித்தவள்தான்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்றாவது ஆளாக அது குடியேறிவிட்டது. இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று சொன்னவருக்கு, இருப்பது சரியாக வேலை செய்கிறதா என்ற கவலை வந்தது. மருந்து ஈரமாகிவிடக் கூடாது என்று அதைக் காயவைத்தார். நான் அடுப்பை வாசல்பக்கம் மாற்றிக்கொண்டேன். தீ எட்டாத இடத்தில் மருந்து, யாரும் பார்க்காத இடத்தில் குழல், எப்போதும் தாழ்ப்பாள் போட்ட கதவு. தயிருக்கு உறை வாங்க வருகிற பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பினேன். கொஞ்ச நாளில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். உன் சித்தப்பாவும் ஒன்று வாங்கினார். அவர் வாங்கியது தெரிந்து வடக்கே இன்னொரு வீட்டில் வாங்கினார்கள். மேலவீட்டில் பழைய துப்பாக்கியோடு புதிதாக ஒன்று, இரட்டைக் குழல், வந்து சேர்ந்தது. "பாத்தியா, பயந்துட்டாக" என்றார் உன் அப்பா. "பயந்தவுக கையில இப்ப ரெண்டு இருக்குங்க" என்றேன். அவர் குழலைத் துடைக்கப் போய்விட்டார். நீ லீவுக்கு வந்தபோதெல்லாம், மாமா வீட்டிலேயே இருந்து படிக்கட்டும் என்று சீக்கிரமே உன்னைத் திருப்பி அனுப்பினேனே, ஏன் என்று கேட்டு அழுதாயே, இதற்காகத்தான்.

அடுத்த வருஷம் மழை குறைவு. கண்மாயில் கொஞ்சம்தான் தண்ணீர். மடை திறக்கிற அன்று காலையில் மேலவீட்டு ஆட்கள் துப்பாக்கியோடு கரையில் நின்றார்கள். உன் அப்பாவும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வழியை மறித்தேன். "ஒண்ணும் நடக்காது. அவுகளும் சுட மாட்டாக, நானும் சுட மாட்டேன். வெறுங்கையோட போனாத்தான் மிதிப்பாக" என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. யாரும் யாரையும் சுடவில்லை. அவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள், இவர் இந்தப் பக்கம் நின்றார். பேச்சு ஏறியது. எல்லாரும் விலகிப் போகட்டும் என்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டார். குழல் வெடித்துவிட்டது.

எதிரியின் குண்டு அவர்மேல் படவே இல்லை தம்பி. அவருடைய காவல்தான் அவரைக் கொன்றது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போனோம். தலையை மடியில் வைத்திருந்தேன். ஒரு பக்கம் முகம் இல்லை, அதை எழுத மாட்டேன். நினைவு இருந்தது. அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, "நான் கேட்டது ஞாயந்தானே?" என்றார். "ஞாயந்தாங்க" என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை அதையே சொன்னேன். ஊர் எல்லை தாண்டி ரயில்வே கேட்டுக்குப் போகும்போது உயிர் போய்விட்டது. கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை வண்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வண்டிக்காரருக்கு நான் சொல்லவில்லை. ரயில் போகட்டும் என்று இருந்தேன்.

நான் சொன்ன பதில் சரியான பதில்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவர் கேட்டது நியாயம். நியாயமான கேள்வியைக் கேட்ட மனிதருக்கு அது போதாமல் போய்விட்டது என்பதுதான் என் துக்கம். கேள்வியை விட்டுவிட்டுக் குழலைத் தூக்கியதும், மேலவீட்டாரும் அவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். ஒருவரிடம் பெரியது, ஒருவரிடம் சின்னது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குக் கொஞ்சம் தெரியும். போலீஸ் வந்து கீழத்தெருவில் வீடு வீடாகச் சோதனை போட்டது. ஒப்பந்தத்தை மீறியவர்கள் என்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேலவீட்டுக்குள் யாரும் போகவில்லை. அவர்கள்தான் ஒப்பந்தப்படி நடக்கிறவர்கள் ஆயிற்றே! காலக்கிரமத்தில் ஒப்படைப்பார்கள் என்ற வரியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. உன் சித்தப்பா தன்னுடையதை எங்கேயோ புதைத்துவைத்துத் தப்பித்துவிட்டார். ரேகை வைத்தவர்கள், "பேசாம போட்டிருந்தா உசுரோட இருந்திருப்பான்" என்றார்கள். உன் சித்தப்பாவும் அவரோடு சேர்ந்தவர்களும், "மானத்தோட செத்தான்" என்றார்கள். இரண்டு கூட்டமும் என் வீட்டு வாசலில் வந்து தங்கள் தங்கள் பேச்சைப் பேசிவிட்டுப் போயிற்று. அது அநியாயமான ஒப்பந்தம், அது வேண்டாத துப்பாக்கி என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. நீ பத்து வயதுப் பிள்ளை. உன்னிடம் என்ன சொல்ல முடியும்?

நான் டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலை கிடைத்து, மறுபடி ஊருக்கு வந்த வருஷம் தை முதல் தேதி மேலவீட்டுக்குப் போனேன். பொங்கல் வைத்த கையோடு, யாரிடமும் சொல்லாமல் போனேன். வாசலில் நின்றுகொண்டு பெரியவரிடம், "காலக்கிரமத்துல ஒப்படைக்கிறதாச் சொன்னீகளே, எப்ப ஒப்படைப்பீக?" என்று கேட்டேன்.

அவர் திகைத்துப் போனார். பிறகு, "நான் குடுத்துருவேன் ஆத்தா. ஒன் கொழுந்தன் பொதைச்சு வச்சிருக்கான்ல, அவன் மொதல்ல குடுக்கட்டும்" என்றார்.

நேராக உன் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் குதித்தார். "அவுக வாசல்ல போயி நின்னீகளா? எங்க மானம் போச்சு. அவுக குடுக்கட்டும் மதனி, மறு நிமிசம் நான் குடுக்குறேன்" என்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். இரண்டு பேரும் சொன்னது ஒரே வாக்கியம். ஒருவர் சொன்னதை அடுத்தவர் வாயால் கேட்பதற்காகத்தான் நான் நடந்தேன் போலிருக்கிறது.

ஒவ்வொரு தை முதல் தேதியும் போகிறேன். இது உனக்குத் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். சிரிப்பார்கள். கூட வருகிறாயா என்று கீழத்தெருவில் சில பெண்களைக் கேட்டுப் பார்த்தேன். "நமக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம், அவுக கொல்லையிலதானே வேலைக்குப் போறோம்" என்றார்கள். அதுவும் சரிதான். முதலில் சில வருஷங்கள் என்னை வாசலில் காக்கவைத்தார்கள். ஒரு வருஷம் நாயை அவிழ்த்துவிட்டார்கள். உன் சித்தப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நல்லது கெட்டதுக்கு அழைப்பு மட்டும் வரும், போனால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

இந்தத் தையிலும் போனேன். பெரியவருக்கு இப்போது நடமாட்டம் இல்லை. பிள்ளைகள் ஒருவர் மலேயாவில், ஒருவர் மெட்ராஸில். அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் ஒரு சமையல்காரரும். சுவரில் அந்த இரண்டு துப்பாக்கியும் தொங்குகின்றன. துடைக்க ஆள் இல்லாமல் துருப்பிடித்து, பல்லி முட்டையிட்டிருக்கிறது. "உக்காரு" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன்.

"எப்ப ஒப்படைப்பீக?" என்று கேட்டேன்.

சுவரில் இருந்த துப்பாக்கிகளைப் பார்த்தார். "அதைத் தூக்கக்கூட எனக்கு இப்பத் தெம்பு இல்ல ஆத்தா. பன்னி வந்தாக்கூடச் சுட ஆளில்ல. ஆனா அது போயிட்டா மேலவீடுன்னு என்ன இருக்கு? நான் யாருன்னு எனக்கே தெரியாமப் போயிரும்" என்றார்.

பத்திரிகையில் எவ்வளவோ காரணம் எழுதுகிறார்கள் தம்பி. பாதுகாப்பு என்கிறார்கள், சமநிலை என்கிறார்கள். ஐந்து நாட்டுக்காரர்களும் தனியாக உட்கார்ந்து மனதைத் தொட்டுப் பார்த்தால், இந்தக் கிழவர் சொன்னதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ஆறாவதாகச் சேர ஆசைப்படுகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் எழுந்து கிளம்பினேன். வாசல் தாண்டுவதற்குள், "ஆத்தா" என்று கூப்பிட்டார். "அடுத்த தைக்கும் வருவியா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கேலி இல்லை. வராமல் போய்விடுவேனோ என்ற பயம் இருந்தது.

"வாரேன். வந்து இதையேதான் கேப்பேன்" என்றேன்.

"கேளு, கேளு" என்றார்.

அவர் கொடுக்கவில்லை. கொடுப்பார் என்று உனக்கு நான் நம்பிக்கை சொல்லப்போவதில்லை. என் வழியில் போனால் காரியம் நடக்கும் என்றும் சொல்லப்போவதில்லை. இத்தனை வருஷம் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் கேட்டதால் யாரும் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

குண்டு செய்யப்போகிற அந்தப் பிரிவில் நீ சேராதே. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடக் கூடாது என்று உரக்கச் சொல். உன் அப்பா கேட்ட மாதிரி, எந்தக் காலத்தில் என்று கேள். ஐந்து பேரும் பதில் சொல்லும்வரை கேள். கேட்டுக்கொண்டே அதைச் செய்யவும் செய்தால், உன் கேள்வியை நீயே கொன்றுவிடுவாய்.

ஆனால் நான் உன்னிடம் என்ன கேட்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நீ மறுத்தால், உன்னோடு சாப்பிடுகிறவர்கள் வேறு மேஜைக்குப் போவார்கள். தேசத்தின்மேல் பற்று இல்லாதவன் என்பார்கள். அந்நியர்களுக்குப் பயந்தவன் என்பார்கள். கையெழுத்துப் போடச் சொல்கிறவர்களும் உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நீ வந்து உட்கார்ந்தால் பேச்சைத் தணித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்குப் போக இடம் இருக்காது. பெற்றவள் பிள்ளைக்கு வீடு கொடுப்பாள், நிலம் கொடுப்பாள். நான் இந்தத் தனிமையை எடுத்துக்கொள்ளச் சொல்லி நிற்கிறேன். எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அதனால் கேட்கவே கூசுகிறது.

வெளியே மழை பிடிக்கும்போல் இருக்கிறது. தபால் பையைக் கட்டுவதற்குள் கொடுத்துவிட்டு வர வேண்டும். என்ன முடிவு செய்தாலும் எனக்கு எழுது. நீ மறுத்தாய் என்று எழுதினால் நான் சந்தோஷப்பட மாட்டேன் தம்பி. ரயிலேறிப் பம்பாய்க்கு வந்து, உன் மேஜையில் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன்.

உன் ஆத்தா